ஆளுக்கேற்றபடி பேசலாமா?

ஆளுக்கொரு பேச்சுப் பேசுகிறவர் என்று பெயரெடுத்தவரை ஜமாஅத்தில் யாரும் நம்புவதில்லை. இவரிடம் ஒரு முகமும் அவரிடம் ஒரு முகமும் காட்டித் திரிகிறவனை மனிதர்களில் மிகக் கெட்டவர்களோடு சேர்த்து எண்ணினார்கள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள். ஆனால், மக்களிடம் அவர்கள் விளங்கிக்கொள்ளும் அளவறிந்து பேச வேண்டும் என்ற அலீ (ரலி) அவர்களின் அறிவுரையும் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. அப்படியானால் ஆளறிந்து பேசுவது கடமையா, முனாஃபிக்தனமா? பிற மொழியினரோடும் பிற சமயத்தாரோடும் கலந்து வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. அன்றாடம் வாசற்படியில் வந்து நிற்கிற கேள்வி.

எங்கள் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குக் கேரளத்து வியாபாரம் உண்டு என்பது வாசகர்களில் பலரும் அறிந்ததே. மலைக்கு இந்தப் பக்கம் நாம் பல்லாரி என்பதை அவர்கள் சவாள என்பார்கள். நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. அவர்களுக்கு அது குடிக்கிற தண்ணீர். ‘சம்சாரம்’ இன்னும் வேடிக்கையான சொல். காய் விளைவிக்கிறவர் நம் வட்டாரத்தில் சம்சாரி. சம்சாரம் என்றால் அவருடைய மனைவி. மலையாளத்திலோ அதற்குப் பேச்சு என்று பொருள்! இத்தனை இடறல்களுக்கு நடுவிலும் விலை படிகிறது, லோடு ஏறுகிறது. “அவனுக்குப் புரியாவிட்டால் அவன் பாடு” என்று இருந்துவிடும் வியாபாரிக்கு மாலையில் அழுகிய தக்காளிதான் மிஞ்சும் என்பதால், இருவருமே மற்றவருடைய சொல்லைக் கற்றுக்கொள்கிறார்கள். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். சொல்லை மாற்றிப் பேசுவதை அங்கே யாரும் ஏமாற்று என்பதில்லை. எடையை மாற்றினால்தான் ஏமாற்று.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு அபீஸீனியாவுக்கு வாருங்கள். நுபுவ்வத்தின் ஐந்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 615-இல், குறைஷிகளின் கொடுமை தாளாமல் ஸஹாபாக்கள் அந்தக் கிறிஸ்தவ நாட்டுக்கு ஹிஜ்ரத் செய்யத் தொடங்கினார்கள். அவர்களைப் பிடித்து வரக் குறைஷிகள் அனுப்பியவர்களில் ஒருவர் அம்ரு இப்னுல் ஆஸ். அப்போது அவர் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. அந்நாட்டு மனிதர்களை அறிந்தவர். நஜ்ஜாஷி மன்னர் விரும்பும் மக்காவின் தோல் பொருட்களைக் காணிக்கையாகக் கொண்டுபோனார்; மன்னரைப் பார்க்குமுன் அவருடைய பிரதானிகளைப் பார்த்துக் கையில் போட்டுக்கொண்டார். பிறருடைய பழக்கவழக்கத்தை அறிவதே ஒரு புண்ணியம் என்று நினைப்பவர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்த அறிவு அம்ருவிடமும் நிறையவே இருந்தது.

முஸ்லிம்களின் சார்பில் பேசிய ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களும் ஆளறிந்தே பேசினார்கள். குர்ஆனிலிருந்து ஓதிக் காட்டும்படி மன்னர் கேட்டபோது, ஸூரத்து மர்யமின் தொடக்கத்தை ஓதினார்கள். மன்னர் தாடி நனைய அழுதார் என்று ஸீராவில் காண்கிறோம். மறுநாள்தான் உண்மையான சோதனை. “ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இவர்கள் பாரதூரமான ஒன்றைச் சொல்கிறார்கள், கேளுங்கள்” என்று அம்ரு மூட்டிவிட்டார். அடைக்கலம் பறிபோகும் நிலை. ஈஸா (அலை) அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததையே ஜஅஃபர் (ரலி) அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். முதல் நாள் எந்த வசனத்தை ஓதுவது என்பதில் கேட்பவரின் மனம் பார்த்தவர்கள், இரண்டாம் நாள் எது உண்மை என்பதில் அதைப் பார்க்கவில்லை.

என் எளிய அறிவுக்கு இதில் ஓர் அளவுகோல் தென்படுகிறது. நீங்கள் ஒருவரிடம் சொன்னதையும் மற்றவரிடம் சொன்னதையும் அந்த இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் ஒன்றே என்று காண்பார்களா? காண்பார்களென்றால் நீங்கள் ஆளறிந்து பேசியவர். இல்லையென்றால் இரட்டை முகத்தவர்.

முத்திரையில்லாத கடிதத்தை அயல்நாட்டு மன்னர்கள் ஏற்பதில்லை என்று தெரிவிக்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளியில் முத்திரை மோதிரம் செய்துகொண்டதும், யூதர்களின் எழுத்தைக் கற்றுவரும்படி ஏவப்பட்ட ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் ஏறத்தாழ அரை மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டதும் யாவரும் அறிந்தவை. நம் முன்னோரும் அவ்வழியே சென்றார்கள். உருது பேசும் சகோதரர்கள் நமாஸ், ரோஜா என்று பாரசீகச் சொற்களைக் கொண்டபோது, தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு என்று இம்மண்ணின் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். பள்ளி என்பதுகூடச் சமணத் துறவிகளின் உறைவிடத்துக்கு வழங்கிய பழஞ்சொல்தான். அதைப் பள்ளிவாசலுக்கு வைத்ததால் நம் ஈமான் குறைந்துவிட்டதா என்ன?

வீட்டுப் பெண்களுக்கு அடிக்கடி நேரும் சங்கடம் ஒன்றுண்டு. பிறசமயத்து அண்டை வீட்டம்மா, சாமிக்குப் படைத்த பொங்கலை அன்போடு கொண்டுவந்து நீட்டுகிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு “வேண்டாம்” என்பவர்கள் உண்டு. அது உண்மைதான், ஆனால் அந்த அம்மாவின் காதில் “நீ வேண்டாம்” என்றல்லவா விழுகிறது! “எனக்குச் சுகர் இருக்கிறது அக்கா” என்று நழுவுபவர்களும் உண்டு. மனம் நோகாதுதான், ஆனால் பொய். அடுத்த ஆண்டு சர்க்கரை போடாத வெண்பொங்கல் வந்து நிற்கும். அதற்கொரு பொய் தேட வேண்டும். “அக்கா, உங்கள் அன்புக்குக் குறையில்லை. படைத்ததைச் சாப்பிட எங்கள் மார்க்கத்தில் இடமில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்” என்று திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னவர்களுக்கு என்ன நடக்கிறது தெரியுமா? படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்து, “இது உங்களுக்கென்று எடுத்தது” என்று கொண்டுவந்து கொடுக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. யாரோ ஒரு பெண்மணி என்றோ உண்மையை இதமாகச் சொன்னதால் பிறந்த வழக்கம் அது.

இப்போது வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்த சகோதரர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்கள் நம் பள்ளிகளில் கடைசி ஸஃப்பில் நிற்கிறார்கள். தமிழ் பயானில் ஒரு சொல்லும் விளங்காமல் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை ‘வடக்கன்’ என்று அழைக்கும் நாக்குகளில் சில, துபாயிலும் சவூதியிலும் பேச ஆளில்லாமல் தவித்த நாக்குகள்! அங்கே இந்தி கற்றுக்கொண்டு வந்த பெரியவர்கள் முஹல்லாக்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஜும்ஆ முடிந்ததும் பத்து நிமிடம் அந்தக் கடைசி ஸஃப்பில் போய் உட்கார்ந்து, பயானின் சாரத்தை அவர்களுக்குச் சொன்னால் என்ன? ரமளானில் நோன்புக் கஞ்சி எத்தனை மணிக்குக் கிடைக்கும், வாங்கிப் போகப் பாத்திரம் கொண்டுவரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோன்புக் கஞ்சி என்றால் என்னவென்றே அவர்களில் பலருக்குத் தெரியாது.