குறை என்று கூறுவது யார்?

பிறக்கவிருக்கும் குழந்தையின் நிறமூர்த்தத்தில் ஒரு சிறு துண்டு குறைகிறது என்று பரிசோதனை அறிக்கை வருகிறது. பெற்றோர் அதைக் 'குறை' என்று வாசிக்கின்றனர். இரண்டும் ஒன்றுதானா?

1959இல் பாரிஸ் நகரில் லெஜூன், கோத்தியே, துர்ப்பான் ஆகிய மூவரும், டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் 46 அல்ல, 47 நிறமூர்த்தங்கள் இருப்பதை அறிவித்தனர். அது நுணுக்குக்காட்டியில் கண்ணால் எண்ணியறிந்த உண்மை. இன்றைய நுண்வரிசைப் பரிசோதனையோ கண்ணுக்கு எட்டாத துண்டுகளைத் தேடுகிறது. சிறு தகடொன்றில் ஆயிரமாயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றும் நிறமூர்த்தத்தின் ஓரிடத்துக்கு உரியது. சிசுவின் மாதிரி தரும் ஒளியை ஒப்பீட்டு மாதிரியின் ஒளியால் வகுத்தால், இரு பிரதிகளுக்கு 1, ஒன்றுக்கு 0.5, மூன்றுக்கு 1.5 வரவேண்டும். காகிதத்தில் இவ்வளவுதான். உண்மையில் புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். எங்கே மெய்யாகவே இறங்குகிறது என்று தீர்ப்பது கணனி மென்பொருள். எத்தனை புள்ளிகள் சேர்ந்து இறங்கினால் இழப்பு என்று கொள்வது? அந்த எல்லையை இட்டவர் மனிதர். தளர்த்தினால் இல்லாத இழப்புகள் தோன்றும். இறுக்கினால் உள்ளவை தப்பிவிடும்.

இழப்பு மெய் என்றே வைத்துக்கொள்வோம். 2004இல் இரு ஆய்வுக் குழுக்கள் சுகதேகிகளிடமும் இத்தகைய கூடுதல் குறைவுகள் பரவலாக உண்டெனக் காட்டின. 16ஆம் நிறமூர்த்தத்தில் சுமார் 6 இலட்சம் மரபெழுத்துக்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. அதில் ஒரு பிரதியை இழந்த பிள்ளைகள் சிலரிடம் பேச்சுத் தாமதமும் ஓட்டிசமும் காணப்படுகின்றன. வேறு சிலர் அந்த இழப்போடே வளர்ந்து, மணம் முடித்து, தம் பிள்ளைக்கு நடந்த பரிசோதனையால்தான் தம்மிடமும் அது இருப்பதை அறிகின்றனர். அத்தகைய தந்தையைப் 'பிழை' என்று மென்பொருள் சொல்லாது. அதற்கு அச்சொல் தெரியாது; சேர்ப்பவர்கள் நாமே.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 22ஆம் நிறமூர்த்தத்தில் குறித்த துண்டை இழந்த சிசுவுக்கு இருதயக் கோளாறும் இரத்தத்தில் கல்சியக் குறைவும் வரக்கூடும். முன்னரே அறிந்தால் வைத்தியர்கள் ஆயத்தமாயிருக்கலாம். மறைப்பதும் அறமன்று. ஆனால் பொருள் விளங்காத மாற்றத்தை, விளங்கியது போன்ற குரலில் சொல்வதைப் பொய் என்றே கொள்கிறேன். 'இதன் விளைவு எமக்குத் தெரியாது' என்பதை அறிக்கையின் கடைசிப் பக்கத்துச் சிற்றெழுத்தில் விட்டுவிடாமல், தாயின் முகம் பார்த்துச் சொல்லவேண்டும். அன்றிரவு அவருக்கு உறக்கம் வராதுதான். ஆயினும் அவர் எடுக்கும் முடிவு ஓர் உயிரைப் பற்றியது. அதற்குமுன் தாய் தந்தையரின் இரத்தத்தையும் பரிசோதிக்கும்படி கேட்கலாம். அத்துண்டு அவர்களில் ஒருவரிடமும் இல்லாதிருந்தால், அறிக்கையின் பொருளே மாறக்கூடும்.