கூறையும் நிழற்படமும்

யாழ்ப்பாணத்துத் திருமணத்திலே, சபையோரின் ஆசி பெற்ற கூறைச்சேலையை மணமகன் கையளிக்க, மணமகள் அதனை உடுத்து வந்தே தாலி ஏற்கின்றாள். அக்கோலத்திற் பிடிக்கப்படும் நிழற்படம் காட்டுவது அப்பெண்ணையா, அவள் அணிந்தவற்றையா? செந்நிறத்தை உணராத பழைய படச்சுருள்களிலே சிவப்புக் கூறையும் குங்குமமும் கருமையாகவே பதிந்தன. கறுப்பு மங்கலமன்று, எனவே ஸ்ரூடியோக்காரர் கையால் வர்ணந்தீட்டிச் சிவப்பை மீட்டனர். மணமகளின் கலக்கத்தை மறைக்கவோ தூரிகை வேண்டியிருக்கவில்லை. சற்றே சிரிக்கும்படி பணித்தலே போதுமாயிற்று.

எனினும், இப்படம் எழுப்பும் அறவினா பின்னரே தோன்றுகின்றது. கணவனை இழந்தவளிடமிருந்து தாலியையும் குங்குமத்தையும் வழக்கம் பறித்துக்கொள்கின்றது. சுவரிலே தொங்கும் மணக்கோலப் படத்திலிருந்து எவரும் அவற்றை அகற்றுவதில்லை. கடதாசிக்கு உள்ள இவ்வுரிமை, அதன் கீழே நடமாடும் பெண்ணுக்கு மறுக்கப்படுவது எந்நியாயத்தின்பாற்பட்டது? வழக்கம் இன்று தளர்ந்துள்ளது என்பது உண்மையே. ஆயினும் 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இவ்வினாவை வடக்கு, கிழக்கின் எத்தனையோ இல்லங்களுக்குக் கொண்டுசென்றது. படம் இறந்தகாலத்தைச் சார்ந்தது, அவளோ நிகழ்காலத்தவள் எனச் சிலர் விடைகூறுவர். இறந்த கணவனின் படத்துக்கு நாள்தோறும் விளக்கேற்றி, அவனை நிகழ்காலத்திலே இருத்தும்படி அவளுக்குப் பணிப்பவரும் அவர்களே.