குழாயை மாற்றினால் போதுமா?



அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்து போனபின், பேகம்பூர்ச் சகோதரர் ஒருவர் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். மலேசியாவில் சில வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். இருபது வருஷத்துக்கு மேல் சிகரெட் பழக்கம். அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஹஜ்ரத்! சிகரெட்டை விட்டுவிட நிய்யத்து வைத்திருக்கிறேன். மின் சிகரெட் என்று வந்திருக்கிறதே, அதில் பேனா மாதிரியும் இருக்கிறது, டப்பா மாதிரியும் இருக்கிறது. எதை வாங்குவது நல்லது? மாம்பழ வாசனை கூட உண்டு. பள்ளிக்கு வந்தாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது."

நிய்யத்து நல்ல நிய்யத்து. அதற்காக அவருக்கு துஆச் செய்தேன். ஆனால் கேள்வியில் கடைசியாகச் சொன்னாரே, அந்த வாசனைப் பேச்சு, அது என் மனத்தில் தைத்தது. பச்சைப் பூண்டோ வெங்காயமோ தின்றவர் நம் பள்ளியை நெருங்க வேண்டாம் என்று பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஹலாலான பொருளின் வாடைக்கே இந்தக் கண்டிப்பு என்றால், உடலைக் கெடுக்கும் ஒரு பொருளின் வாடையை மாம்பழத்தால் மூடிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? நெஞ்சுக்குள்ளே போவது மாம்பழம் அல்லவே!

புகையிலையைப் பற்றித் திண்டுக்கல்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சென்னை ஸ்பென்சர் கம்பெனி இந்த ஊரில் சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. வேடசந்தூரில் 1948இல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நம்மூர்க் கரிசல் பக்கத்திலும் செம்மண் பக்கத்திலும் அந்தப் பயிரால் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களைப் பழிப்பது என் நோக்கமல்ல. புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்ததே ஹிஜ்ரி ஆயிரத்தை ஒட்டித்தான். அதனால் முந்திய இமாம்களின் கிதாபுகளில் அதன் பெயர் இல்லை. பின்வந்த உலமாக்களில் ஷாஃபிஈ மத்ஹபின் கல்யூபி ஹராம் என்றார். ஹனஃபி மத்ஹபின் அப்துல் கனீ நாபுலுஸி ஆகுமென்று தனிக் கிதாபே எழுதினார். அன்று அதன் கேடு இவ்வளவு வெளிப்படவில்லை. இன்று சிகரெட் பெட்டியே புற்றுநோய்ப் படத்தோடு வருகிறது. உங்களையே நீங்கள் அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் வந்திருக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தை ஓதிவிட்டு அந்தப் பெட்டியைத் திறப்பது எப்படி?

இனி அந்தக் கருவிக்கு வருவோம். நிகோடின் கலந்த திரவத்தை மின்கலத்தால் சூடாக்கி ஆவியாக்கி இழுப்பதுதான் அது. புகையிலை எரிவதில்லை. ஆகவே தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டில் வருவதுபோல் வருவதில்லை. இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை, உண்மையைச் சொல்லித்தான் தீனைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 886 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு மின் சிகரெட், மற்றவருக்கு நிகோடின் ஒட்டு, சூயிங்கம் முதலியவை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், முதல் சாராரில் நூற்றுக்கு 18 பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். மற்றவரில் சுமார் 10 பேர். 'பார்த்தீர்களா ஹஜ்ரத்!' என்பீர்கள். பொறுங்கள். அப்படி விட்டவர்களில், மின் சிகரெட் வாங்கியவர்களில் நூற்றுக்கு 80 பேர் ஒரு வருஷம் கழித்தும் அந்தக் கருவியை விடவில்லை. மற்றச் சாராரில் விட்டவர்களில் நூற்றுக்கு 9 பேரே தங்கள் மருந்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். சிகரெட் போயிற்று, எஜமான் போகவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இருக்கிறது. தமிழக அரசு 2018இலேயே தடுத்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும், அந்த டிசம்பரில் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. செய்வது, விற்பது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது, விற்பனைக்கென இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். செய்வதற்கும் விற்பதற்கும் முதல் முறைக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இழுப்பவனுக்கென்று அந்தச் சட்டத்தில் தனித் தண்டனை இல்லை என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். விற்பவன் குற்றவாளியானால் வாங்குபவன் யார்? பாவத்தில் ஒருவருக்கொருவர் உதவாதீர்கள் என்ற கட்டளை அல்மாயிதாவின் 2ஆம் வசனத்தில் இல்லையா? அவர் வேலை பார்த்த மலேசியாவிலேயே தேசிய ஃபத்வா கவுன்ஸில் 2015இல் இதை ஹராமென்று முடிவு செய்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அங்கே 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம்.

தாய்மார்களே, உங்களுக்கும் இதில் ஒரு கவலை உண்டு. சிறிய குப்பியில் வரும் அந்தத் திரவம் குழந்தைக்குக் கடும் விஷம். மிட்டாய் வாசனை வேறு. அத்தாவின் சட்டைப் பையில் 'மருந்து' என்ற பெயரில் இருப்பதைப் பத்தாம் வகுப்புப் பையன் ரகசியமாக இழுத்துப் பார்த்தால், சிகரெட்டையே தொடாத அவன் எதை விடுவதற்காக அதை இழுக்கிறான்?

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ரமலானில் நோன்பு வைக்கிறீர்களா?"

"ஒன்று விடமாட்டேன் ஹஜ்ரத்."

"ஸஹரிலிருந்து மஃரிப் வரை?"

"சிகரெட் நினைப்பே பெரிதாக வராது. பாங்கு சொன்னதும் நோன்புக் கஞ்சிக்கு முன்னே கை சட்டைப் பைக்குப் போகும்."

அல்லாஹு அக்பர்! பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் அவனுக்காக விட முடிந்தவர் மீதி நேரத்துக்கு ஒரு கருவியைத் தேடுகிறார். (சிகரெட்டைப் போலவே இந்த ஆவியை வேண்டுமென்றே இழுத்தாலும் நோன்பு முறியும். 'வெறும் ஆவிதானே' என்று ஏமாற வேண்டாம்.)

வைராக்கியம் மட்டும் போதாது, மருந்தும் தேடலாம். நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்து. மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. அதை மிட்டாய்போல் சவைத்துத் தள்ளக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தட்டியதும் கன்னத்தோரம் ஒதுக்கி, காரம் அடங்கியபின் மறுபடி மென்று, அரை மணி நேரம் இப்படி. டீ குடித்துக்கொண்டே மெல்லக் கூடாது. அளவை வாரா வாரம் குறைத்து மூன்று மாத அளவில் நிறுத்திவிட வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. நோன்பு நேரத்தில் பட்டை ஆகும், சூயிங்கம் ஆகாது. அதிகம் பிடிப்பவரும் இருதய நோயாளியும் டாக்டரைக் கேட்டே தொடங்கட்டும். 1800112356 என்ற அரசு எண்ணில் காசில்லாமல் ஆலோசனை சொல்கிறார்கள். முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம். தவிப்பு எழும்போது சில நிமிஷம் தாக்குப்பிடித்தால் அடங்கும். அந்த நிமிஷங்களுக்கு வாயில் மிஸ்வாக் இருக்கட்டும். டீக்கடைப் பெஞ்சுப் பக்கம் ஒரு மாதம் போகாதிருப்பதும் நல்லது. பாதிச் சிகரெட் அங்கேதான் பற்றுகிறது.

வெளிநாட்டில் டாக்டரே அந்தக் கருவியைச் சிபாரிசு செய்தால் என்ன என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் அப்படி நடக்கிறது. அங்குள்ளவர் அங்குள்ள நம்பத்தகுந்த மருத்துவரையும் ஆலிமையும் கேட்டுக்கொள்ளட்டும். நிறுத்தும் தேதியை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளட்டும். தேதி இல்லாத மருந்தை நான் மருந்தென்று ஒப்பமாட்டேன்.

பேகம்பூர்ச் சகோதரர் எந்தக் கருவியும் வாங்கவில்லை. இடையில் ஒரு கல்யாண வீட்டில் சறுக்கி இரண்டு சிகரெட் பிடித்ததையும் மறைக்காமல் சொன்னார். மறுநாளிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியிருக்கிறார். நேற்று இஷாவுக்கு ஒளுச் செய்யும் இடத்தில் கன்னம் உப்பியிருக்க நின்றவர், "ஹஜ்ரத், இந்தச் சூயிங்கத்தால் ஒளு முறியுமா?" என்றார்.

"முறியாது. ஆனால் தக்பீர் கட்டுமுன் துப்பிவிட்டு வாய் கொப்பளித்து வாருங்கள்" என்றேன். ஸஃப்பில் என் பின்னால்தான் நின்றார்.