நிழலுருவமும் உண்மையும்

அறிந்த அனைத்தையும் கூறாது சிலவற்றை விட்டுவிடுதல் பொய்யாகுமா என்பது அறவியலில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினாக்களுள் ஒன்று. பொய்யுரைப்போன் இல்லாததைக் கூறுகின்றான். விட்டுக் கூறுவோன் உள்ளதை மறைக்கின்றான். இரண்டும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்களே என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தின் வலிமையைச் சோதித்தற்குக் கறுப்பு வெள்ளையிலமைந்த சிற்றுருவ ஓவியங்கள் தக்க உரைகல்லாகின்றன.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே டேவிட் லொகன், அவர் மாணவரான றொபேட் வைற் முதலியோர், பதப்படுத்திய கன்றுத்தோலிற் கூரிய காரீயத்தினால் உள்ளங்கையில் அடங்கத்தக்க முகங்களை வரைந்தனர். செப்புத்தகட்டுச் செதுக்கலுக்கு மாதிரியாக எழுந்த இம்முறை, நாளடைவில் தனிக்கலையாக மதிக்கப்பட்டது. இவ்வோவியங்களிற் கன்னத்தின் செம்மையோ கண்ணின் நிறமோ இல்லை. வெண்மை கூடத் தீட்டப்படுவதில்லை. நெற்றியின் ஒளி, ஓவியன் தோலைத் தீண்டாது விட்டதனாற் பெறப்படுவது. மேலும், முகம் இரண்டு விரலகலத்துட் சுருங்கும்போது ஒவ்வொரு மயிரையும் ஒவ்வொரு சுருக்கத்தையும் வரைய முற்பட்டால், அது வெறுங் கரிப்படலமாகிவிடும். எல்லாவற்றையும் கூற முயல்வதே ஈண்டு பொய்யாக முடிகின்றது. எனவே, விடுதல் யாவும் பொய்யெனல் பொருந்தாது.

ஆயின், விடுதல் யாவும் குற்றமற்றதெனலும் பொருந்தாது. அம்மை நோய் பரவியிருந்த அக்காலத்தில், தழும்புள்ள முகத்தையுடைய ஒருவர் தழும்பின்றித் தம்மை வரையுமாறு ஓவியனைக் கேட்பதாகக் கொள்வோம். மயிரிழையை விடுவதும் தழும்பை விடுவதும் ஒன்றாகுமா? ஓவியத்தில் நிறமில்லை என்பதைக் காண்போன் அறிவான். மயிரிழைகள் எண்ணி வரையப்படவில்லை என்பதையும் அறிவான். தழும்பு விடப்பட்டதை அவன் அறியான். முன்னையது கருவியின் எல்லையினால் வெளிப்படையாக நேர்வது. பின்னையது அவ்வெல்லையின் மறைவில் நின்று ஏமாற்றுவது. அன்பின் பொருட்டே அவ்வாறு செய்யப்படுகின்றது எனச் சமாதானங் கூறலாம். ஆனால் மகனை இழந்த தாயொருத்திக்கு அத்தழும்பே அவனுடைய அடையாளமாதல் கூடும். அழகு சேர்ப்பதாக எண்ணிய ஓவியன், அவளிடமிருந்து அவனை மறுமுறையும் பறித்தவனாகின்றான்.

பொறுப்பு ஓவியனோடு முடிவதன்று; காண்போனுக்கும் அதிற் பங்குண்டு. 18ஆம் நூற்றாண்டில் நிழலுருவங்கள் ஐரோப்பாவிற் பெரிதும் விரும்பப்பட்டன. யோன் மியர்ஸ் போன்றோர் வெண்சாந்துத் தகட்டிற் பக்கத்தோற்றத்தைக் கருமையாகத் தீட்டி, கூந்தலையும் சரிகையையும் மட்டும் மெல்லிய மையால் உணர்த்தினர். அன்புக்குரியோர் போற்றிவைத்த இவ்வகை உருவங்களையே, சூரிச் நகரப் போதகரான லவாற்றர் 1775க்கும் 1778க்கும் இடையில் வெளியிட்ட தமது நூலில் மனிதரின் குணத்தை அளந்தறியும் சான்றுகளாகக் கொண்டார். நெற்றியின் சாய்விலும் மூக்கின் கோட்டிலும் ஒழுக்கத்தைக் காணலாமென அவர் நம்பினார். கோற்றிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிக்ற்றென்பேர்க் இதனை வன்மையாக மறுத்தார். அவர் முதுகு வளைந்தவர். உடலின் கோணலைக் கொண்டு உள்ளத்தைத் தீர்மானிப்பதன் கொடுமை அவருக்கு ஏட்டறிவு மட்டுமன்று. முகத்தை நோக்கித் தீர்ப்பு வழங்கத் தொடங்கினால், குற்றம் நிகழுமுன்னரே தண்டனை வந்துவிடும் என்பது அவரது அச்சம். அவ்வச்சம் நியாயமானதே என்பதைப் பிற்காலத்து இனவாதக் கொள்கைகள் காட்டின. நிழலுருவம் பொய் கூறவில்லை. அது கூறாது விட்டதையும் கூறியதாக எண்ணியவரே தவறிழைத்தனர்.

கொழும்பிற் பிறந்த கலைஞானி ஆனந்த குமாரசுவாமி, மரபுவழிக் கலை புறத்தோற்றத்தின் ஒப்புமையை நாடாது இலட்சிய உருவையே நாடிற்று என விளக்கினார். தழும்பை மறைத்தலுக்கு இதனை ஆதாரமாகக் காட்டுதல் பொருந்தாது. இலட்சிய உருவம் தன்னை இன்னாரின் புறமுகமெனச் சாதிப்பதில்லை. ஆதலின் எவரையும் ஏமாற்றுவதுமில்லை.

1839இல் டாகரின் ஒளிப்பட முறை வெளியானபின் சிற்றுருவ ஓவியம் படிப்படியாக வழக்கிழந்தது. எனினும் அது எழுப்பும் வினா வழக்கிழக்கவில்லை. ஒருவரைப் பற்றி மற்றொருவர் கூறும் ஒவ்வொரு சொல்லும் ஒரு சிற்றுருவமே. அதனைத் தீட்டுவோன் தான் விட்டவற்றை மறைக்காதிருத்தலும், காண்போன் அதனை முழு மனிதனாகக் கொள்ளாதிருத்தலும் இருவர்க்குமுரிய கடனாகும்.