கையெழுத்து யாருடையது?

மகளிர் குழுக் கூட்டம் முடிந்ததும் நாலு பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். வம்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

‘கலைக்கணும்னா வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமாமே?’

‘யார் சொன்னா? சட்டத்துல அப்படி இல்லக்கா.’

இரண்டாமவள் சொல்வதுதான் சரி. 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் டாக்டரின் கருத்தைக் கேட்கிறது. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதத்தைக் கேட்கிறது. கணவன் கையெழுத்தைக் கேட்கவில்லை. அப்படியும் குடும்பத்தாரின் சம்மதத்தை வற்புறுத்தும் டாக்டர்களை 2022-ல் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்தது.

‘அதுக்காக, புருஷன்கிட்ட கேட்கவே கூடாதா?’ என்பீர்கள். தாராளமாகக் கலந்து பேசட்டும். ஆனால், கலந்து பேசுவது வேறு. அனுமதி வாங்குவது வேறு. சுமக்கப்போகிற உடம்பு அவளுடையது.

தெரியாத உரிமை, பாஸ்புக்கைக் கண்ணில் காட்டாத பேங்க் கணக்கு மாதிரி. பணம் உண்டு, எடுக்க முடியாது. பாஸ்புக்கைப் பிரித்துக் காட்டுவது அந்த நாலு பேர் பேச்சுதான். அடுத்த முறை, ‘என்ன குசுகுசுன்னு?’ என்று அதட்டாதீர்கள். பேசி முடிக்கட்டும்.