கட்சிக்காரர் பணம், வழக்கறிஞர் கணக்கு

கட்சிக்காரர் தரும் பணத்துக்கு வழக்கறிஞர் கணக்கு வைத்தே ஆக வேண்டும் என்கின்றன இந்திய பார் கவுன்சில் விதிகள். 25-ஆவது விதிப்படி வரவு, செலவு, கட்டணமாகப் பிடித்த தொகை எல்லாம் தேதியோடு ஏட்டில் ஏற வேண்டும். வாங்கியது கட்டணத்துக்கா, செலவுக்கா என்பதும் அதில் தெரிய வேண்டும். கோர்ட் ஃபீ ஸ்டாம்பு வாங்கத் தந்த பணத்தை, வழக்கு நடக்கும்போது, கட்சிக்காரரின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தம் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது. விபத்து இழப்பீடு போன்ற தொகை கைக்கு வந்தால் விரைவில் தெரிவிக்க வேண்டும். கணவரை இழந்த பெண்ணுக்கு அந்தத் தொகைதான் பிழைப்பு. ஒரு பைசாவும் தொடாத வழக்கறிஞர்கூட, ஏடு இல்லாவிட்டால், புகார் வரும் நாளில் காட்ட ஆதாரமின்றி நிற்பார். தொழில் நடத்தைக் கேடு என்று வந்தால், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். அந்த உத்தரவை எதிர்த்து 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலிலும், அடுத்து உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம்.