உறவும் உரிமையும்

உற்றார் துன்புறக் கண்டு வாளாவிருத்தல் அறமன்று என்பது நாம் வழிவழியாகப் போற்றும் கொள்கை. ஆயின், அவர் அழையாதபோதும் படைக்கலம் ஏந்தி அவர் மனைக்குள் புகுதல் அறமாகுமா? இவ்வினாவிற்குப் பின்லாந்து நாட்டின் வரலாறு தரும் விடை எண்ணிப் பார்க்கத்தக்கது.

1917 டிசம்பர் 6ஆம் நாள் பின்லாந்து உருசியாவினின்றும் விடுதலையை அறிவித்தது. அடுத்த மாதமே அந்நாட்டார் வெண்படை, செம்படை என இரு கூறாகிப் போர் தொடுத்தனர். 1918 மே மாதம் வரை நீடித்த அப்போரிலும் அதனைத் தொடர்ந்த பழிவாங்கலிலும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் 10,000க்கும் மேற்பட்டோர் சிறைமுகாம்களில் பசியாலும் நோயாலும் மடிந்தவர்.

கிழக்கு எல்லைக்கப்பால் வாழ்ந்த கரேலியர் மொழியால் பின்லாந்தியருக்கு நெருங்கிய உறவினர். 1994இல் தமிழிலும் வெளிவந்த ‘கலேவலா’ காவியத்தின் பாடல்கள் பலவும் அம்மக்களின் வாய்மொழியே. அவர்களை உருசியப் பிடியினின்றும் மீட்கும்வரை வாளை உறையிலிடுவதில்லை என வெண்படைத் தலைவர் மன்னர்ஹைம் 1918 பிப்ரவரியில் சூளுரைத்தார். உள்நாட்டில் உடன்பிறந்தாரைச் சுட்ட கைகளே எல்லைக்கப்பால் உறவினரைத் தழுவ நீண்டன!

தன்னார்வப் படையினர் வெண்கடலை நோக்கிச் சென்றனர். கரேலியருட் சிலர் அவர்களை வரவேற்றனர். வேறு பலரோ ஆங்கிலேய அதிகாரிகளின் கீழ் ஒரு படைப்பிரிவாகத் திரண்டு, மீட்க வந்தவர்களையே 1918 இலையுதிர் காலத்தில் விரட்டினர். 1919இல் தெற்கே ஒலோனெத்சு பகுதிக்குச் சென்றோர், மக்கள் பெருந்திரளாகத் தம்முடன் சேர்வர் என நம்பினர், அந்நம்பிக்கையும் பொய்த்தது.

எசுத்தோனியாவில் நிகழ்ந்ததோ வேறு. அந்நாட்டு அரசே உதவி வேண்டியது. 1918 டிசம்பர் இறுதி முதல் 3,000க்கும் மேற்பட்ட பின்லாந்தியத் தன்னார்வலர் அங்குச் சென்று அதன் படையோடு தோள் சேர்ந்து பொருதனர்; பணி முடிந்ததும் மீண்டனர். இரண்டிடத்தும் உறவுணர்ச்சி ஒன்றே. வேறுபாடு அழைப்பிலும் மீளுதலிலும் இருந்தது.

1920இல் கையெழுத்தான தார்த்து உடன்படிக்கை நம் நெஞ்சை உறுத்துவது. அதனால் பின்லாந்துக்கு வடகடலோரத்துப் பெத்சமோ கிடைத்தது. தாமே விரும்பிப் பின்லாந்தோடு இணைந்த ரெபோலா, பொரயார்வி என்னும் கரேலிய ஊர்ப்பகுதிகளோ உருசியாவிடம் திருப்பித் தரப்பட்டன. அழையாதவர் வீட்டிற்குப் படை சென்றது, அழைத்தவர் கைவிடப்பட்டனர். 1921இன் இறுதியில் கரேலியர் கிளர்ந்தெழுந்தபோது சில நூறு தன்னார்வலர் துணைநின்றனர். 1922இன் தொடக்கத்தில் கிளர்ச்சி ஒடுக்கப்பட, ஆயிரக்கணக்கானோர் பனியினூடே எல்லை கடந்து ஏதிலிகளாயினர்.

அச்செலவுகளிற் சென்ற இளைஞர் பலர் தூய உள்ளத்தினர் என்பதை நாம் மறுக்கவில்லை. உயிரையே தரத் துணிந்தவரை இகழ்தல் எளிதன்று. ஆயினும் தன்னார்வலன் தோற்றால் திரும்பிச் செல்ல அவனுக்கு ஓர் ஊர் உண்டு. அவன் மூட்டிய தீயில் வேகும் வீடு உறவினனுடையது. ஆதலின் அத்தீயை மூட்டலாமா என முடிவு செய்யும் உரிமையும் அவ்வீட்டானுக்கே உரியது.

வள்ளுவர் ‘சுற்றந்தழால்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். தழுவுதல் என்பது ஆட்கொள்ளுதல் அன்று. மொழியின் பெயரால் பிறமாநிலங்களில் ஒன்றுகூடும் நமக்கும் இவ்வேறுபாடு நினைவிலிருத்தற்குரியது. உறவு நமக்குக் கடமையைத் தருகிறது, உடைமையைத் தருவதில்லை. உறவினன் வாயிலில் நின்று அவன் குரலுக்குச் செவிசாய்த்தலே அக்கடமையின் முதற்படியாகும்.